அசுரன்: ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்



ஒரே ஒரு வடசொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பிறப்பையும் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். 'அசுரன்' என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டேன். பொருள் மாறிய சொற்கள் எல்லா மொழியிலும் உண்டு. ஆனால் கடவுளுக்குச் சூட்டிய பட்டமே அந்தக் கடவுளின் பகைவனுக்குப் பெயராகிப்போன சொற்கள் அரிது. அந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது, அதன் பிறகு இந்தச் சொல் எந்தெந்த ஊருக்கெல்லாம் போனது, தமிழுக்கு வந்தபோது என்ன ஆனது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ரிக் வேதத்துக்குப் போவோம். பத்து மண்டலங்கள், 1028 பாடல்கள். அவற்றில் அசுரன் என்ற சொல் வரும் இடங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், புராணக் கதை கேட்டு வளர்ந்த நமக்குத் திகைப்பாக இருக்கும். வருணன் அசுரன். மித்திரனும் வருணனும் சேர்ந்து இரு அசுரர்கள். பொற்கையுடைய சவிதா அசுரன். உருத்திரன் வானத்தின் அசுரன். அக்கினியும் அசுரன். பிற்காலத்தில் அசுரர்களைக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட இந்திரனையும் அசுரன் என்று அழைக்கும் பாடல் முதல் மண்டலத்தில் இருக்கிறது. மூன்றாம் மண்டலத்தின் 55ஆம் பாடலில் 22 செய்யுள்கள். இருபத்திரண்டும் ஒரே ஈற்றடியில் முடிகின்றன. அந்த ஈற்றடி புகழ்வது எதைத் தெரியுமா? தேவர்களுடைய அசுரத்துவத்தை. தேவனாக இருப்பதும் அசுரனாக இருப்பதும் அந்தப் புலவருக்கு முரணாகவே படவில்லை. அசுரத்துவம் தேவர்களின் பெருமை என்றே அவர் பாடுகிறார்.

ஆக, அங்கே அசுரன் என்றால் தலைவன், ஆண்டகை, ஆணையிடும் ஆற்றல் உள்ளவன். நம் 'இறை' என்ற சொல் அரசனுக்கும் கடவுளுக்கும் பொதுவாக வழங்குவது உங்களுக்குத் தெரியும். வேத காலத்து அசுரன் ஏறக்குறைய அந்த இடத்தில் நின்ற சொல்.

இதன் வேர் எது? 'அசு' என்றால் உயிர், உயிர்மூச்சு. அதனோடு 'ர' என்ற ஈறு சேர்ந்து 'உயிராற்றல் உடையவன்' என்ற பொருளில் அசுரன் பிறந்தது என்பது பழைய விளக்கம். நிருக்தம் எழுதிய யாஸ்கர் சொல்லும் பல விளக்கங்களில் இதுவும் ஒன்று. கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மொழியியலாளர்கள் வேறொரு வழியையும் காட்டியிருக்கிறார்கள். இன்றைய துருக்கி நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஹிட்டைட்டு மொழியில் அரசனுக்கு 'ஹஸ்ஸு' என்று பெயர். அதே மொழியில் 'ஹஸ்' என்றால் பெற்றெடுத்தல். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் தெய்வக் கூட்டத்துக்கு 'ஏசிர்' என்று பெயர். இவையெல்லாம் அசுரனோடு ஒரு வேரில் பிறந்தவை என்பது பலர் ஒப்பும் கருத்து. எல்லோரும் ஒப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த வழியில் போனாலும் நாம் சேரும் இடம் தலைமை, ஆற்றல் என்ற பொருள்தான். தீமை என்ற பொருள் வேரில் எங்கும் இல்லை.

இப்போது மேற்கே பாரசீகத்துக்குப் போவோம். வடமொழியும் பழைய ஈரானிய மொழியும் உடன்பிறந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகச் சில ஒலி விதிகளே போதும். வடமொழியின் 'ச'கர ஒலி அங்கே 'ஹ' ஆகும். சப்த என்பது ஹப்த. சோம என்பது ஹஓம. சிந்து என்பது ஹிந்து. நம் நாட்டின் பெயரே அந்த ஒலி மாற்றத்தில் கிடைத்தது. அதே விதிப்படி அசுர என்பது அஹுர. ஈரானியச் சமய ஆசான் ஜரதுஷ்டிரர் ஒப்பற்ற கடவுளாக வணங்கிய அஹுர மஸ்தா, சொல்லளவில் 'அறிவுடைய அசுரன்'தான். சுமார் கி.மு. 520ஐ ஒட்டி, பெஹிஸ்தூன் மலைப்பாறையில் பேரரசன் தாரியஸ் வெட்டிய கல்வெட்டில், தனக்கு அரசைக் கொடுத்தவர் அந்த அஹுர மஸ்தாவே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பிற்காலத்தில் அந்தப் பெயர் ஓர்மஸ்த் என்று சுருங்கியது. மும்பையில் பார்சிக் குடும்பங்களில் ஹோர்முஸ்ஜி என்று பெயர் வைக்கிறார்களே, அதற்குள் இருப்பது வருணனுக்குச் சூட்டிய அதே அசுரப் பட்டம்.

அங்கே வேறொன்றும் நடந்தது. இங்கே அசுரன் தாழ்ந்ததுபோல அங்கே தேவன் தாழ்ந்தான். ஈரானியரின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் 'தஏவ' என்றால் பொய்த் தெய்வம், பேய். பெர்சிபோலிஸ் நகரில் 1935இல் கிடைத்த கல்வெட்டு ஒன்றில், 'தைவ' எனப்பட்ட அந்தப் பொய்த் தெய்வங்களை வணங்கிய ஓர் இடத்தைத் தான் இடித்ததாகவும், இனி அவற்றை வணங்கக் கூடாது என்று ஆணையிட்டதாகவும் மன்னன் செர்க்சஸ் எழுதி வைத்திருக்கிறான்.

இந்த எதிரெதிர் நிலையைக் கண்டவர்களுக்கு ஒரு கதை தோன்றியது இயல்பே. புனாவில் வடமொழிப் பேராசிரியராக இருந்த ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் ஹாக், 1862இல் பம்பாயில் வெளிவந்த தம் நூலில் அதை எழுதினார். ஒரே கூட்டமாக இருந்த மக்கள் சமயச் சண்டையில் பிரிந்தார்கள், ஒரு பிரிவின் கடவுள் மறு பிரிவுக்குப் பேய் ஆனார் என்பது அவர் கருத்து. கேட்க அழகாக இருக்கிறது. இன்றும் பல மேடைகளில் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் அசுரன் உயர்வாகவே இருக்கிறான். அவன் தாழ்ந்தது வேத இலக்கியத்துக்குள்ளேயே, பின்னால், படிப்படியாக. மித்திரனோ ஈரானிலும் தாழவில்லை, இங்கும் தாழவில்லை. ஒரே சண்டையில் எல்லாம் மாறியிருந்தால் இப்படி இருக்காது. இரண்டு நாடுகளிலும் இரண்டு தனி வரலாறுகள் நடந்தன என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இங்கே நடந்த அந்த வரலாற்றைப் பார்ப்போம். ரிக் வேதத்திலேயே பிப்ரு, வர்சின் போன்ற சில பகைவர்களும் அசுரர் எனப்படுகிறார்கள். தலைவன் என்ற சொல் எதிரிப் படையின் தலைவனுக்கும் பொருந்துமல்லவா? பத்தாம் மண்டலத்துக்கு வரும்போது காற்று திசை மாறியிருக்கிறது. அதன் 124ஆம் பாடலில் அக்கினி தன் தந்தையான அசுரனை விட்டு விலகி இந்திரன் பக்கம் வருகிறான். பழைய தலைமை போய்ப் புதிய தலைமை வருவதைச் சொல்லும் பாடல் அது. விட்டுப் பிரியும் வருத்தமும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த, பிராமணங்கள் எனப்படும் வேள்வி விளக்க நூல்களில் தேவர், அசுரர் என்று இரு அணிகள் நிரந்தரமாக நிற்கின்றன. வேள்விக்கு வேள்வி இவர்கள் மோதுகிறார்கள்.

ஆனால் அப்போதும் அவர்கள் அயலார் இல்லை. இரு அணியாரும் பிரஜாபதியின் மக்கள். அசுரர்கள் மூத்தவர்கள், தேவர்கள் இளையவர்கள் என்று பிருகதாரண்யக உபநிடதம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே நூலில் தேவர், மனிதர், அசுரர் மூவரும் ஒரே ஆசானிடம் பயின்று, படிப்பு முடிந்ததும் அறிவுரை கேட்கிறார்கள். மூவருக்கும் கிடைப்பது 'த' என்ற ஒரே எழுத்து. தேவர்கள் அதை அடக்கம் என்று கொள்கிறார்கள், மனிதர்கள் ஈகை என்று, அசுரர்கள் இரக்கம் என்று. மூவரும் சரியாகப் புரிந்துகொண்டதாகவே ஆசான் சொல்கிறார். திதி, அதிதி என்ற அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகள் இவர்கள் என்று புராணங்களும் அந்த உறவைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

மொழி பயிலும் மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு கதையைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். பதஞ்சலி தம் மகாபாஷியத்தைத் தொடங்கும்போது, இலக்கணம் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டு, அதற்கு விடையாகச் சில நிகழ்ச்சிகளைச் சுட்டுகிறார். அவற்றுள் ஒன்று, அசுரர்கள் 'ஹேலயோ ஹேலய' என்று கூவித் தோற்றார்கள் என்பது. சற்றே வேறு வடிவில் சதபத பிராமணத்திலும் இது இருக்கிறது. பகைவர்களே என்று விளிக்க 'ஹே அரய' என்று சொல்லியிருக்க வேண்டும். அசுரர்களின் வாயில் ரகரம் லகரமாகிவிட்டது. பிழைபட்ட பேச்சால் வலிமை இழந்தார்கள், ஆகவே அந்தணன் கொச்சையாகப் பேசக் கூடாது என்பது கதையின் பாடம்.

இந்த ரகர லகர மாற்றம் கற்பனை அன்று. கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதியில், மகத நாட்டில், மக்கள் அப்படித்தான் பேசினார்கள். அசோகரின் கிழக்கத்திக் கல்வெட்டுகளைப் பாருங்கள்: ராஜா என்பது 'லாஜா' என்றே வெட்டப்பட்டிருக்கிறது. உலகம் வியக்கும் அந்தப் பேரரசனின் ஆட்சி மொழியில் இருந்த ஒலி, கதையில் அசுரர்களின் உளறலாகக் காட்டப்படுகிறது! சதபத பிராமணம் இன்னோரிடத்தில், தேவர் பக்கத்து மக்கள் நாற்கோணமாகவும், கிழக்கத்தியரும் பிறருமான அசுர மக்கள் வட்டமாகவும் இறந்தோருக்கு மேடு எழுப்புகிறார்கள் என்கிறது. பேச்சும் ஈமச் சடங்கும் வேறாக இருந்த உண்மையான மனிதர்கள்மேல் அசுரன் என்ற பெயர் வந்து விழுந்ததை இந்த இரண்டு குறிப்புகளும் காட்டுகின்றன. கடவுளின் பட்டம் அண்டை நாட்டுக்காரனுக்கு வசையாக இறங்கிவிட்டது. இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

அடுத்து நடந்தது இலக்கணத்துக்குள் நேர்ந்த விபத்து. பழைய பொருள் மறந்தபின் அசுர என்ற சொல்லைக் கேட்டவர்கள், முதலில் நிற்கும் 'அ'வை எதிர்மறை என்று எண்ணினார்கள். நியாயம், அநியாயம்; சுத்தம், அசுத்தம் என்பவைபோல அசுரனுக்கும் ஓர் எதிர்ச்சொல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படிப் பிரித்தபோது 'சுர' என்றொரு சொல் கையில் நின்றது. அதற்குத் தேவன் என்று பொருள் கொடுத்தார்கள். ரிக் வேதத்தில் சுரன் என்ற தேவன் கிடையாது. அந்தச் சொல்லைப் பிற்கால நூல்களில்தான் காண்கிறோம். அசுரனிடமிருந்து பிறந்தவன் சுரன்!

இதை ஒரு தனி விபத்து என்று எண்ண வேண்டாம். வடமொழியில் 'அசித' என்றால் கருப்பு. அதை அ, சித என்று பிரித்து, 'சித' என்றால் வெள்ளை என்று ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். 'விதவா' என்ற சொல் மிகப் பழையது. ஐரோப்பிய மொழிகளிலும் அதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன. அதை வி, தவா என்று பிரித்து, 'தவ' என்றால் கணவன் என்று எடுத்தார்கள். 1899இல் வெளிவந்த மானியர் வில்லியம்சின் பேரகராதி, சுர என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே அசித, சித இணையை ஒப்புமையாகக் காட்டுகிறது.

சுரன் பிறந்துவிட்டான், அவனுக்கொரு கதை வேண்டும். 'சுரா' என்றால் கள். வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில், பாற்கடலைக் கடையும்போது வருணனின் மகளான வாருணி, அதாவது மதுவின் தேவி, எழுந்து வருகிறாள். அதிதியின் மக்கள் ஏற்றார்கள், ஆகவே சுரர். திதியின் மக்கள் மறுத்தார்கள், ஆகவே அசுரர். பௌத்தர்களின் பாலி உரைகளில் இதே சொல் விளையாட்டு வேறு மாதிரி வருகிறது. தேவருலகில் முன்பு குடியிருந்தவர்களைச் சக்கன், அதாவது இந்திரன், மதுவால் மயக்கிக் கீழே தள்ளிவிடுகிறான். தெளிந்து எழுந்தவர்கள் இனிச் சுரா குடிக்க மாட்டோம் என்றார்களாம், அதனால் அசுரர். இரு மரபுகளும் குடிக்காதவர் என்றே பொருள் சொல்கின்றன. இரண்டும் சொல்லைப் பார்த்துக் கட்டிய கதைகளே.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் மேடைகளில் பல காலமாக ஒரு கருத்து உலவுகிறது. சுரா குடித்த ஆரியர் சுரர், குடிக்காத திராவிடர் அசுரர் என்பது. அதன் பின்னால் இருந்த சினத்தை நான் மதிக்கிறேன். மனிதக் கூட்டங்களை இழிவாகக் காட்ட இந்தக் கதைகள் பயன்பட்டன என்பதைச் சற்று முன் நானே சான்றோடு சொன்னேன். ஆனால் சொல்லின் பிறப்புக்கு அந்த விளக்கம் செல்லாது. வருணனும் சவிதாவும் அசுரர்களாக இருந்த காலத்தில் சுரன் என்ற சொல்லே பிறக்கவில்லை. நமக்குப் பிடித்த முடிவாக இருந்தாலும், எதிராளியின் பிழையான பிரிப்பின்மேல் வீடு கட்டக் கூடாது.

இனித் தமிழுக்கு வருகிறேன். சங்க நூல்களில் அசுரரைக் குறிக்க 'அவுணர்' என்ற வடிவம் வருகிறது. அதோடு 'சூர்' என்ற நம் சொல்லும் இருக்கிறது. சூர் என்றால் அச்சம், அஞ்சத்தக்க தெய்வம். திருமுருகாற்றுப்படையில் மலையில் ஆடும் சூரர மகளிரை நீங்கள் படித்திருப்பீர்கள். முருகன் அழித்த சூர், காலப்போக்கில் வடமொழி அசுரனோடும், வீரனைக் குறிக்கும் வடமொழிச் 'சூர'னோடும் கலந்து சூரபத்மன் ஆனான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் அவனுக்காகவே அசுர காண்டம் என்று ஒரு காண்டம் இருக்கிறது. முடிவில் என்ன நடக்கிறது? மாமரமாக நின்ற சூரனை வேல் பிளக்கிறது. ஒரு கூறு மயிலாகவும் ஒரு கூறு சேவலாகவும் ஆகின்றன. ஒன்று முருகனுக்கு ஊர்தி, ஒன்று கொடி. ஆண்டுதோறும் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கும் கூட்டம், அந்த முடிவையும் சேர்த்தே பார்க்கிறது.

தமிழ் இந்தச் சொல்லின் பழைய பொருளுக்குப் பக்கத்தில் சென்ற இடம் வேறொன்று இருக்கிறது. எண்வகை மணங்களில் ஒன்று ஆசுரம். மனு தர்மத்தில் அது பெண்ணுக்கும் அவள் உறவினருக்கும் பொருள் கொடுத்துக் கொள்ளும் மணம், மதிப்புக் குறைந்தது. நம் இறையனார் களவியல் உரையோ அதற்குத் தரும் விளக்கம், கொல்லேறு தழுவியவனுக்கும் வில்லேற்றியவனுக்கும் பெண்ணைக் கொடுப்பது என்பது. காசு இருந்த இடத்தில் வீரத்தை வைத்திருக்கிறார்கள். இன்றைய நாளிதழைப் பிரியுங்கள். அசுர வேகம், அசுர பலம், அசுர வளர்ச்சி, அசுர உழைப்பு. இவற்றை எழுதும் செய்தியாளர் யாரையும் பழிக்கவில்லை, வியக்கிறார். பூமணியின் 'வெக்கை' நாவலை 2019இல் வெற்றிமாறன் படமாக்கியபோது 'அசுரன்' என்று பெயர் வைத்தார். நிலத்துக்காகவும் மானத்துக்காகவும் நிமிர்ந்து நிற்கும் ஒரு தந்தைக்கு அது பொருந்தும் என்று தமிழ்ப் பார்வையாளர்கள் யோசிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள்.

இச்சொல் பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்கும் போயிருக்கிறது. நாரா நகரின் கோஃபுகுஜி ஆலயத்தில் 734இல் செய்த அஷுரா சிலை இருக்கிறது. அரக்குப் பூச்சில் செய்தது. மூன்று முகம், ஆறு கைகள், கொடியைப் போல மெல்லிய உடல். முன்முகம் ஓர் இளைஞனுடையது. புருவம் நெரிந்திருக்கிறது, கண்ணில் கோபம் இல்லை, கவலைதான் இருக்கிறது. புத்தரின் அறத்தைக் கேட்டுக் காவலனாக மாறிய அசுரன் அவன்.

கடைசியாக ஜார்க்கண்டுக்கு வருகிறேன். கும்லா, லாதேஹார் மாவட்டங்களில், நேதர்ஹாட் பீடபூமிப் பக்கம், அசுர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். தாதுக் கல்லை உலையிலிட்டு இரும்பு உருக்குவது அவர்களுடைய மரபுத் தொழிலாக இருந்தது. அவர்கள் பேசும் அசுரி மொழி முண்டா குடும்பத்தைச் சேர்ந்தது, அழியும் நிலையில் இருக்கிறது. மகிஷாசுரனைத் தங்கள் முன்னோன் என்று கருதி, ஊரெல்லாம் துர்க்கை பூசை கொண்டாடும் நாட்களில் துக்கம் காக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. வேதத்து அசுரருக்கும் இவர்களுக்கும் குருதித் தொடர்பு உண்டா என்பது இங்கே கேள்வி அன்று. அந்தப் பெயரைத் தாங்கிய குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது உண்மை.

இந்த அவையில் நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் இந்தச் சொல் வரும்போது கரும்பலகையில் 'அசுரர் என்றால் தீயவர்' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். வருணனுக்கு அது பட்டமாக இருந்ததையும், பாரசீகத்தில் கடவுளின் பெயராக நிலைத்ததையும், கிழக்கத்தி மக்களுக்கு வசையானதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அதற்கு வேதமும் பாலியும் சங்க நூலும் ஒரே மேசைமேல் வேண்டும். இந்தக் கல்லூரியின் தமிழ்த் துறையும் வடமொழித் துறையும் சேர்ந்து அப்படியொரு வகுப்பை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று இரு துறைத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.